கடல் பச்சையாகும்போது மீன் ஏன் குறைகிறது?

2019 ஓகஸ்ட் மாதத்து இரவொன்றில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீல நிறத்தில் ஒளிர்ந்தன. மக்கள் திரண்டு சென்று பார்த்தார்கள். சமூக வலைத்தளங்கள் அந்தப் படங்களால் நிறைந்தன. அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில், பாம்பன், மண்டபம் பகுதிகளில் கடல் கடும்பச்சையானது. மீன்கள் செத்துக் கரையொதுங்கின. மண்டபத்துக்கு அண்மையிலுள்ள சிங்கில் தீவைச் சுற்றிக் கடலடியில் இறங்கிய ஆய்வாளர்கள், நீரில் கரைந்திருந்த ஒட்சிசன் ஒரு லீற்றருக்கு 2 மில்லிகிராமிலும் கீழே விழுந்திருந்ததைக் கண்டார்கள். வேகமாக வளரும் பவள இனங்கள் பல இறந்திருந்தன.

சென்னையில் அழகு காட்டியதும் மண்டபத்தில் மூச்சுத் திணறடித்ததும் ஒரே உயிரிதான். அதன் பெயர் நொக்டிலூக்கா. ஒற்றைக் கலம் மட்டுமே கொண்டது. பெரிதாக வளர்ந்தாலும் 2 மில்லிமீற்றரைத் தாண்டாது. இதே மன்னார் வளைகுடாவில் 2008 ஒக்டோபரிலும் இது பெருகி மீன்களைக் கொன்றிருக்கிறது. தலைமன்னாரில் நின்று பார்த்தால் அது அடுத்த வளவுக் கடல். நீருக்கு எல்லைக்கோடு கிடையாது.

இத்தகைய பெருக்கம் ஒவ்வொன்றுக்கும் மாசுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சூடேறிய நீர், காற்றில்லாத நாட்கள், பருவத்தோடு மாறும் நீரோட்டம் எல்லாம் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கின்றன. ஆனால் மனிதர் கடலுக்குள் விடும் கழிவு, இத்தகைய உயிரிகளுக்குச் சாதகமாக ஆட்டத்தின் விதிகளை மாற்றுகிறது என்பதற்கு உலகின் பல கரைகளிலிருந்து சான்றுகள் உண்டு. கடல் மாசு என்றதும் எண்ணெய் படிந்த பறவையும் பிளாஸ்ரிக் விழுங்கிய ஆமையும் நம் கண்முன் வருகின்றன. அதைவிடப் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிறது. அது மீனவரின் வலையில்தான் கடைசியாகத் தெரியவருகிறது.

வலைக்குள் அகப்படாத உயிர்கள்

நீரோட்டம் கொண்டு செல்லும் இடத்துக்குச் செல்லும், அதை எதிர்த்து நீந்த வலுவில்லாத உயிர்கள் அனைத்துக்கும் பொதுப்பெயர் பிளாந்தன். அலைந்து திரிவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து 1887இல் ஜேர்மனிய விஞ்ஞானி விக்டர் ஹென்சன் இந்தப் பெயரைச் சூட்டினார்.

இவற்றில் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பவை தாவரப் பிளாந்தன்கள். பூமியில் நடக்கும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ அரைவாசி இவற்றால் நடக்கிறது. அவற்றை உண்பவை விலங்குப் பிளாந்தன்கள். கொப்பிபோட்டுகள் எனப்படும் அரிசிமணியிலும் சிறிய ஓட்டுடலிகள், இறால் குஞ்சுகள், நண்டுக் குஞ்சுகள், மீன் முட்டைகள், முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த மீன் குஞ்சுகள் எல்லாம் இதில் அடங்கும். நாம் சந்தையில் கிலோக் கணக்கில் வாங்கும் இறாலும் நண்டும் ஒரு காலத்தில் பிளாந்தனாக மிதந்து திரிந்தவைதான்.

தாவரப் பிளாந்தன்களுக்குள்ளும் வகைகள் பல. கரையோர மீன்பிடிக்கு மிக முக்கியமானவை டயற்றம்கள். கண்ணாடி போன்ற சிலிக்கா ஓட்டுக்குள் வாழ்பவை. ஒப்பீட்டளவில் பெரியவை, கொப்பிபோட்டுகள் நேரடியாகப் பிடித்து உண்ணக்கூடியவை. கொப்பிபோட்டுகளை நெத்தலியும் சூடையும் உண்கின்றன. நெத்தலியையும் சூடையையும் பாரையும் சூரையும் உண்கின்றன. இதுதான் செழிப்பான கரைகளின் குறுகிய உணவுச் சங்கிலி.

ஒரு படி கூடினால் பத்தில் ஒன்று

உணவுச் சங்கிலியின் நீளம் ஏன் முக்கியம்? ஓர் உயிர் உண்பதில் பெரும்பகுதி அது நீந்தவும் சுவாசிக்கவும் செலவாகிறது. உடலாக மாறுவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. எல்லா இடத்திலும் இந்தப் பங்கு ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்க உதவும்.

1000 கிலோ டயற்றத்தை உண்டு 100 கிலோ கொப்பிபோட் உருவாகிறது. அதை உண்டு 10 கிலோ நெத்தலி உருவாகிறது. இப்போது டயற்றத்தின் இடத்தில் மிக நுண்ணிய பாசிகள் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். கொப்பிபோட்டால் அவற்றை நன்றாகப் பிடிக்க முடியாது. இடையில் வேறு ஓர் ஒற்றைக்கல உயிர் அவற்றை உண்ண வேண்டும், அதன் பிறகே கொப்பிபோட் அந்த உயிரை உண்ணும். சங்கிலியில் ஒரு படி கூடிவிட்டது. அதே 1000 கிலோ பாசியிலிருந்து இப்போது கிடைப்பது 1 கிலோ நெத்தலிதான்.

1969இல் அமெரிக்கக் கடலியலாளர் ஜோன் ரைதர் உலகக் கடல்களின் மீன்வளத்தைக் கணக்கிட்டபோது இந்தத் தர்க்கத்தையே பயன்படுத்தினார். ஆழ்கடலில் சங்கிலி நீளம், மீன் குறைவு. அடிநீர் மேலெழும் கரைகளில் சங்கிலி குறுகியது, மீன் அதிகம். கடல் எவ்வளவு பச்சை என்பதைப் போலவே, அந்தப் பச்சை எந்த உயிரால் ஆனது என்பதும் முக்கியம்.

சமனற்ற விருந்து

தாவரப் பிளாந்தனும் ஒரு பயிர் போன்றதுதான். அதற்கும் பசளை வேண்டும். சராசரியாக 16 நைதரசன் அணுவுக்கு 1 பொசுபரசு அணு என்ற விகிதத்தில் அவை இவற்றை எடுத்துக்கொள்கின்றன. அல்பிரட் ரெட்பீல்ட் கவனித்த இந்த விகிதம் இன்றுவரை கடலியலின் அடிப்படைகளில் ஒன்று. டயற்றத்துக்கு மேலதிகமாக ஒன்று தேவை: சிலிக்கா. ஓடு கட்டுவதற்காக, நைதரசன் எடுக்கும் அளவுக்கு ஏறத்தாழச் சமமான அளவில் அது சிலிக்கனை எடுத்துக்கொள்கிறது.

நைதரசனும் பொசுபரசும் நமது வாழ்க்கையிலிருந்து தாராளமாகக் கடலுக்குப் போகின்றன. மலசலகூடக் கழிவு, வயலில் இட்ட யூரியா, சலவைத் தூள், மாட்டுக் கொட்டில், இறால் பண்ணை எல்லாமே வாய்க்கால்கள்தான். சிலிக்காவோ பாறைகள் கரைந்து ஆற்றோடு வருவது. மனிதக் கழிவால் அது கூடுவதில்லை. போதாததற்கு, ஆற்றை மறித்து அணை கட்டும்போது நீர் தேங்கி நிற்கும் இடத்திலேயே நன்னீர் டயற்றம்கள் வளர்ந்து சிலிக்காவை உறிஞ்சிக்கொண்டு அடியில் படிந்துவிடுகின்றன.

விளைவு, கடலில் ஒரு சமனற்ற விருந்து. முதலில் டயற்றம்கள் செழிக்கும். சிலிக்கா தீர்ந்ததும் அவை நின்றுவிடும். மிச்சமிருக்கும் நைதரசனையும் பொசுபரசையும் சிலிக்கா தேவைப்படாத உயிர்கள் எடுத்துக்கொள்ளும். நுண்கசையிகள், டைனோகசையிகள், நீலப்பச்சைப் பாசிகள் முதலியன பெருகும். இவற்றில் சில நஞ்சு சுரப்பவை. சில, சிப்பிக்குள் சேர்ந்து அதை உண்ணும் மனிதரைப் பாதிப்பவை. நொக்டிலூக்கா போன்றவை டயற்றத்தையும் கொப்பிபோட்டின் முட்டைகளையும் மீன் முட்டைகளையும் விழுங்குபவை. வெப்பக் கடல்களில் காணப்படும் பச்சை நொக்டிலூக்காவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தன் உடலுக்குள் நுண்பாசிகளை வளர்த்து, இரை கிடைக்காதபோது அவை தயாரிக்கும் உணவில் வாழ்கிறது. கொப்பிபோட் அதை விரும்பி உண்பதில்லை. உண்பவை பெரும்பாலும் இழுதுமீன், சால்ப்பு போன்ற வழுவழுப்பான உடலிகள். அவற்றை உண்ணும் மீன்கள் குறைவு. சங்கிலி மீனை நோக்கிப் போகாமல் வேறு திசைக்குத் திரும்பிவிடுகிறது.

மலக்கழிவோடு வரும் சேதனப் பொருட்கள் இன்னொரு பாதையைத் திறக்கின்றன. அவற்றை நேரடியாக உண்பவை பற்றீரியாக்கள். பற்றீரியாவை நுண்கசையிகள் உண்கின்றன, நுண்கசையிகளைப் பிசிர்கொண்ட ஒற்றைக்கல உயிர்கள் உண்கின்றன. இந்த நுண்ணுயிர்ச் சுற்று எல்லாக் கடலிலும் இயல்பாகவே உண்டு. கழிவு அதிகரிக்கும்போது உணவின் பெரும்பகுதி இதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கரைந்துபோகிறது.

உண்ணப்படாத பாசி இறந்து அடியில் விழுகிறது. அதை அழுகவைக்கும் பற்றீரியா ஒட்சிசனைத் தின்று தீர்க்கிறது. பாடசாலையில் நற்போசணையாக்கம் என்று குளத்தை உதாரணம் காட்டிப் படித்தது இதைத்தான். கடலில் இது நடக்கும்போது ஓடக்கூடிய மீன் ஓடிவிடும். சிப்பி, நண்டு, பவளம் போன்றவற்றால் ஓட முடியாது.

கருங்கடல் கற்ற பாடம்

இந்த மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததும், பிறகு ஓரளவு மீண்டதும் மிக விரிவாகப் பதிவான இடம் கருங்கடல். ஐரோப்பாவின் பெரும் பரப்பிலிருந்து நீரைச் சேர்த்துக்கொண்டு வரும் டானியூப் ஆறு, கருங்கடலின் வடமேற்கில் ஆழம் குறைந்த பகுதியில் கலக்கிறது. 1960களுக்குப் பிறகு ஆற்றின் கரையிலிருந்த நாடுகள் விவசாயத்துக்கு இரசாயனப் பசளையை அள்ளிக் கொட்டின. கால்நடைப் பண்ணைகள் பெருத்தன. நகரங்களின் கழிவு சுத்திகரிக்கப்படாமல் ஆற்றுக்குள் போனது. அதே காலத்தில் ஆற்றிலும் கிளையாறுகளிலும் அணைகள் எழுந்தன. சேர்பியாவுக்கும் ருமேனியாவுக்கும் இடையிலான இரும்புவாயில் அணை 1972இல் நிறைவடைந்தது. சிலிக்கா குறைந்ததற்கு அந்த ஒரு அணையே காரணம் என்று முதலில் எண்ணப்பட்டது. பிந்திய அளவீடுகள், மேலே இருந்த பல அணைகளுக்கும் பங்குண்டு என்று காட்டின.

கடலில் நைதரசனும் பொசுபரசும் கூடின, சிலிக்கா குறைந்தது. டயற்றம் அல்லாத பாசிகளின் பெருக்கம் அடிக்கடி நிகழ்ந்தது. நொக்டிலூக்கா பெருகியது, அதன்பின் நிலா இழுதுமீன் பெருகியது. நீர் கலங்கியதால் ஒளி அடிக்குப் போகவில்லை. வடமேற்குக் கரையில் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீற்றருக்குப் பரந்திருந்த செம்பாசிப் புல்வெளி சிறு துண்டாகச் சுருங்கியது. 1973 முதல் கோடைகளில் அடிநீர் ஒட்சிசன் இழக்கத் தொடங்கியது. 1990 வரையான காலத்தில் அங்கே இறந்த அடித்தள உயிர்களின் எடை 60 மில்லியன் தொன் இருக்கலாம் என்று உக்ரேனிய உயிரியலாளர் யூவெனலி சைட்செவ் மதிப்பிட்டார்.

இப்படி வலுவிழந்திருந்த கடலுக்குள் 1980களின் தொடக்கத்தில், கப்பல்களின் நிலைப்படுத்தும் நீரோடு அமெரிக்கக் கரையிலிருந்து ஒரு சீப்பு இழுதுயிரி வந்து சேர்ந்தது. நெமியோப்சிஸ் என்ற அது கொப்பிபோட்டுகளையும் நெத்தலியின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றது. அதைத் தின்ன யாரும் இருக்கவில்லை. சூரை, கானாங்கெளுத்தி வகைப் பெருமீன்களும் ஓங்கில்களும் ஏற்கெனவே அளவுமீறி வேட்டையாடப்பட்டிருந்தன. 1980களின் முடிவில் நெத்தலி மீன்பிடி சில வருடங்களுக்குள் சரிந்தது. மாசு, மிகை மீன்பிடி, அந்நிய உயிரி ஆகிய மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன என்பதில் விவாதமில்லை.

மீட்சி வந்த விதம் யாரும் திட்டமிடாதது. 1989ஐ ஒட்டிக் கிழக்கு ஐரோப்பியப் பொருளாதாரங்கள் சரிந்தன. பசளைக்கு வழங்கிய மானியம் நின்றது, பெரும் கால்நடைப் பண்ணைகள் மூடப்பட்டன. சில ஆண்டுகளில் கடலின் ஒட்சிசனற்ற பரப்பு சுருங்கி, 1996 அளவில் ஏறத்தாழ மறைந்தது. 1997இல் நெமியோப்சிஸைத் தின்னும் இன்னொரு சீப்பு இழுதுயிரி தற்செயலாக வந்து சேர்ந்தது. 2001இன் சூடான கோடையில் ஒட்சிசன் மறுபடி வீழ்ந்தது. கருங்கடல் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆனால் பசளை வரத்து குறைந்தால் உணவு வலை பதிலளிக்கும் என்பதை அது காட்டிவிட்டது.

பிளாஸ்ரிக்கும் நஞ்சும்

2021 மே 20இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தபோது அதில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குறுமணிகளும் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தன. கரையில் வெண்மணல் போலக் குவிந்த அந்த மணிகளை மறந்திருக்க மாட்டோம். ஒரு குறுமணி சில மில்லிமீற்றர் பருமன். கொப்பிபோட்டால் அதை விழுங்க முடியாது. வெயிலும் அலையும் அதை ஆண்டுக்கணக்கில் அரைத்துத் தூளாக்கிய பிறகே அது பிளாந்தனின் வாய்க்கு அளவாகிறது. பிரித்தானியாவில் மத்தியூ கோலும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வுகூடப் பரிசோதனையில், ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு பருமனுள்ள பிளாஸ்ரிக் உருண்டைகளோடு சேர்த்து உணவு பெற்ற கொப்பிபோட்டுகள் வழமையைவிட 40 சதவீதம் குறைந்த காபனையே உட்கொண்டன. இட்ட முட்டைகளும் சிறுத்தன. பரிசோதனையில் பிளாஸ்ரிக் செறிவாகவே இருந்தது. கடலில் பொதுவாக அவ்வளவு இருப்பதில்லை. ஆனால் தீங்கு எப்படி நடக்கும் என்பது அதில் தெளிவாகிறது. வயிறு நிரம்பியும் பட்டினி.

களைநாசினிகளில் சில தாவரப் பிளாந்தனின் ஒளித்தொகுப்பையே நிறுத்துபவை. கப்பலின் அடியில் பூசும் செப்பு கலந்த வர்ணம் சில இனங்களைக் கொன்று சிலவற்றை விட்டுவைக்கிறது. இங்கும் நடப்பது அதேதான். எல்லாம் சாவதில்லை. யார் மிஞ்சுகிறார் என்பது மாறுகிறது.

எங்கள் கரைக்கு எந்த வழியால் வருகிறது?

கொழும்பு மாநகரின் கழிவுநீர் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் நீளும் குழாய்களால் வெளியேறுகிறது. புத்தளத்தில் இறால் பண்ணைகள் கழிவை விடுவதும் புதுநீரை எடுப்பதும் ஒரே களப்பும் ஒல்லாந்தர் கால்வாயும் சேர்ந்த நீர்த்தொகுதியில்தான். நீர்கொழும்புக் களப்புக்குள் தண்டுகம் ஓயாவும் ஜா-எலவும் ஊர்களையும் தொழிற்சாலைகளையும் கடந்து வருகின்றன. இவற்றையெல்லாம் போய்ப் பார்க்கலாம், படம் பிடிக்கலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் படம் பிடிக்க எதுவுமில்லை. இங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை, கழிவுநீர்க் குழாய் வலையமைப்பும் இல்லை. ஆனால் சுண்ணக்கல்லின் துளைகளும் வெடிப்புகளும் வழியாக நிலத்தடி நீர் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்தில் நன்னீர் ஊறுவது அதன் கண்கண்ட அடையாளம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் இட்ட பசளையின் மிச்சமும், மலசலகூடக் குழிகளின் ஊறலும் அதே நீரில் கலக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் பல கிணறுகள் அதைத் தாண்டுவதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. அதை நாம் குடிநீர்ப் பிரச்சினையாக மட்டுமே பேசி வந்திருக்கிறோம். கிணற்றில் நிற்கும் நைத்திரேற்று அங்கேயே நின்றுவிடுவதில்லை. அது போய்ச் சேரும் இடம் கடனீரேரியும் பாக்கு நீரிணையும்.

அந்த நீர்ப்பரப்புகள் ஆழம் குறைந்தவை. பாக்கு விரிகுடாவின் சராசரி ஆழம் பத்து மீற்றர் அளவுதான். கடனீரேரிக்குள் பண்ணை போன்ற வீதிகள் குறுக்கே போடப்பட்டதால் நீர் மாறும் வேகமும் குறைந்திருக்கிறது. வந்த பசளை வெளியேற நாளாகும் இடம்தான் நற்போசணையாக்கத்துக்கு ஏற்ற இடம். கரைவலையும் களங்கண்டியும் நம்பி வாழும் சிறு மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போக முடியாதவர்கள். அவர்களின் மீன் இந்த ஆழங்குறைந்த நீரில்தான் குஞ்சு பொரிக்கிறது.

சட்டம் பார்க்காத வழி

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டமும் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க கடல் மாசடைதல் தடுப்புச் சட்டமும் நம்மிடம் உண்டு. தொழிற்சாலைக்கு அனுமதிப்பத்திரம் கேட்கலாம், கப்பலிடம் நட்டஈடு கேட்கலாம். ஆயிரக்கணக்கான வீட்டுக் குழிகளுக்கும் தோட்டங்களுக்கும் குழாய் வாய் இல்லை. அனுமதிப்பத்திர முறை அவற்றைத் தொடாது.

அதற்காகப் பசளையைத் தடைசெய்வது தீர்வல்ல. 2021 மே மாதம் ஒரே இரவில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் அந்த முடிவைக் கைவிட்ட நாடு இது. அதன் விலையை விவசாயி கொடுத்தார். கருங்கடலைக் காப்பாற்றியதும் ஒரு பொருளாதார வீழ்ச்சிதான். அதை யாரும் முன்மாதிரியாகப் பின்பற்ற முடியாது. பயிர் எடுத்துக்கொள்ளாமல் கசிந்து போகும் பங்கைக் குறைப்பதே இலக்கு. மண்ணைப் பரிசோதித்து அளவாக இடுவது, மேற்கட்டுப் பசளையை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுவது, பெருமழைக்கு முன் இடாமல் இருப்பது ஆகியவை விவசாயியின் செலவையும் குறைக்கும். நகரங்களில், அடி மூடப்படாத குழிகளுக்குப் பதிலாக மூடிய தொட்டிகளும், அவற்றை வழித்து எடுக்கும் பவுசர்கள் கொண்டுபோய்ச் சுத்திகரிக்க ஓர் இடமும் வேண்டும். சலவைத் தூளில் பொசுபேற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் எல்லை வைத்தது. இங்கும் அதைக் கேட்கலாம். கண்டலும் கடற்புல்லும் கரைக்கு வரும் பசளையின் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. அவற்றை வெட்டுவது வடிகட்டியைக் கழற்றுவதற்குச் சமம்.

இன்னொன்று அளவிடுதல். செய்மதிப் படம் கடலின் பச்சையைக் காட்டும், அது டயற்றமா நொக்டிலூக்காவா என்பதைத் தெளிவாகச் சொல்லாது. வட அத்திலாந்திக்கில் 1931 முதல் வணிகக் கப்பல்கள் ஓர் எளிய கருவியை இழுத்துச் சென்று பிளாந்தன் மாதிரிகளைச் சேர்த்து வருகின்றன. அந்தத் தொடர்பதிவால்தான் அங்கே எந்த இனம் எப்போது குறைந்தது என்று பேச முடிகிறது. நாராவிடமும், கடற்றொழில் துறை கொண்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திடமும் இதற்கான அறிவு உண்டு. மாதம் ஒருமுறை, ஒரே இடங்களில், ஒரு நுண்வலையும் நுணுக்குக்காட்டியும் ஒட்சிசன் அளவியும் கொண்டு செய்யக்கூடிய வேலை இது. கடலின் நிறமும் மணமும் மாறுவதை முதலில் காண்பவர்கள் மீனவர்கள். நாளையும் இடத்தையும் குறித்து அவர்கள் அறிவிக்க ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீன் குறைந்துவிட்டது என்ற பேச்சு வந்தால் நாம் இழுவைப் படகுகளைப் பற்றிப் பேசுகிறோம். பேசவும் வேண்டும். ஆனால் இழுவைப் படகு நாளைக்கே நின்றாலும், மீன் குஞ்சு உண்ண வேண்டியது அந்த நீரில் இருக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பதில் எங்கள் வீட்டுக் கோடியில் இருக்கும் குழிக்கும் பங்குண்டு.